நாமும் பரீட்சை எழுதினோம்

பரீட்சை மண்டபத்தில் ஆசிரியருக்கு உரிய இடம் மேசைகளுக்கு இடையேயுள்ள நடைபாதையேயன்றி மேசையன்று. இருபது ஆண்டுகளாக அந்த நடைபாதையிலே கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு உலாவிப் பழகிய நாம், நாற்பத்தாறாம் வயதிலே ஒரு மேசைக்கு முன்னால் அமர்ந்தோம். அக்கதையைச் சொல்வதில் எமக்குச் சிறிது நாணம் உண்டு. எனினும், பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு அதனாற் சிறிது பயனும் உண்டாகலாம்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி. உயர்தர வகுப்பிலே கணினி வலையமைப்புப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்திப் பொதிகளை அனுப்பும் கருவியாகிய றௌட்டரை வகுப்பிலே வழிப்படுத்தி என்போம். "வழிப்படுத்தியானது பொதிக்குச் சிறந்த வழியைத் தெரிவு செய்யும்" என்று ஆண்டுதோறும் சொல்லும் வாக்கியத்தை அன்றும் சொன்னோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சேர், அந்த வழி அறுந்துபோனால், அறுந்துபோச்செண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?"

"நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்" என்றோம். விடை தெரியாத ஆசிரியர்கள் வழிவழியாகக் கூறிவரும் விடை அது. நாளை வந்தது, விடை வரவில்லை. "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று கூறித் தப்பிக்கொண்டோம். பையன் அமர்ந்துவிட்டான், கேள்வி அமரவில்லை.

எம்மிடம் படித்துக் கொழும்பிலே வலையமைப்புப் பொறியியலாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் சிரித்தார். "சேர், ஒரு சோதினைக்குப் படியுங்கோ. சோதினை இல்லாட்டி ஒருத்தரும் படிக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்" என்றார். சிஸ்கோ நிறுவனத்தின் தொழில்முறைச் சான்றிதழ் ஒன்றை அவர் எமக்குக் காட்டினார். அதற்கு இரண்டு பரீட்சைகள். 350-401 என்னும் எண்ணுடைய பொதுப் பரீட்சையை ஒருவாறு கடந்தோம். எம்மை வீழ்த்தியது 300-410 என்னும் வழிச்செலுத்தற் பரீட்சை. நேரம் 90 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர். அஃது எமது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி.

மாணவர்களைச் செய்யாதீர்கள் என்று தடுப்பதையே நாம் செய்தோம், மனப்பாடம் செய்தோம். ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்னும் முறையின் நம்பிக்கை எண் 90, ஓ.எஸ்.பி.எப். முறைக்கு 110, ஆர்.ஐ.பி. முறைக்கு 120 என அலுமாரிக் கண்ணாடியில் எழுதி ஒட்டிவைத்தோம். பரீட்சையோ எண்களைப் பெரிதாகக் கேட்கவில்லை. அயலிலுள்ள இரு வழிப்படுத்திகள் உறவு கொள்ளவில்லை, காரணம் யாது என்று கேட்டது. விட்ட வினாவுக்குத் திரும்பிச் செல்லவும் அங்கே வழியில்லை. தோற்றோம். யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் திரும்பி வந்து, "பேப்பர் சரியான கஷ்டம்" என்று வீட்டிலே சொன்னோம். எத்தனை மாணவர்களின் வாயிலிருந்து இதைக் கேட்டு நகைத்திருக்கிறோம்!

இனிச் சொல்லப்போவது மறைக்க விரும்பியது. பரீட்சை நிலையத்திலே சந்தித்த ஓர் இளைஞர், "அண்ணை, இதைப் பாடமாக்கினால் போதும்" என்று ஒரு நினைவகக் குச்சியைக் கையில் வைத்தார். அதனுள் களவாக எடுக்கப்பட்ட பரீட்சை வினாக்களும் விடைகளும் இருந்தன. உடனே வீசியெறிந்தோம் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இராது. மூன்று நாள் அது எமது சட்டைப்பையிற் கிடந்தது. மற்றுமொரு 300 டொலரை நினைந்து, ஓரிரவு திறந்து பத்து வினாக்கள் வாசித்தோம். அப்பொழுது, துண்டுக் காகிதத்துடன் ஒருமுறை எம்மிடம் அகப்பட்ட ஒரு பையனின் முகம் கண்முன் வந்தது. அவனை அதிபரிடம் ஒப்புவித்தவர் நாமே. அவனுடைய தந்தை விறாந்தையிலே தலைகுனிந்து நின்றார். அதற்குமேல் வாசிக்க இயலவில்லை. அவ்வினாக்கள் எல்லாவற்றையும் பாடமாக்கினாலும் பின்வாங்கிற் பையனின் கேள்விக்கு விடை கிடையாது என்பதும் விளங்கியது. குச்சியிலிருந்த யாவற்றையும் அழித்தோம்.

பழைய வழிப்படுத்திகள் மூன்றும் சிறு சுவிட்சுகள் இரண்டும் மலிவு விலைக்கு வாங்கி, குசினிக்கு அடுத்த அறையில் வைத்தோம். அவற்றின் காற்றாடி அரிசி ஆலை போல இரைந்தது. நாமே பூட்டினோம், நாமே பழுதாக்கினோம், நாமே திருத்தினோம். ஒருமுறை இரண்டு கருவிகள் மூன்று இரவுகள் உறவு கொள்ளாமல் நின்றன. ஒன்று 1500 பைட்டு அளவுள்ள பொதியை ஏற்க வல்லது. மற்றதை 1400 என்று நாமே பிழையாக அமைத்திருந்தோம். நலம் விசாரிக்கும்வரை இரண்டும் ஒற்றுமையாயிருந்தன. கணக்கைப் பரிமாறத் தொடங்கியதும் முரண்பட்டன. காணி பிரிக்கும் உடன்பிறந்தாரை நினைந்து சிரித்தோம்.

நுணுக்கமான முகவரிக்கே முதலிடம் என்னும் விதியும் அப்படியே விளங்கியது. 2008 பெப்ரவரி 24 ஆம் திகதி, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் ரெலிகொம், அதன் முகவரிகளுள் 256 ஐத் தன்னுடையவை என்று அறிவித்தது. அவ்வறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. சிறிய தொகுதியே நுணுக்கமானது என்று உலகத்து வழிப்படுத்திகள் அதனை நம்பின. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூப் பலருக்கு எட்டவில்லை. பின்னர் யூடியூப் 128 முகவரித் தொகுதிகளாக இன்னும் நுணுக்கி அறிவித்துத் தன் வழியை மீட்டது.

கேள்விக்குரிய விடை விளக்குமாற்றால் வந்தது. ஒரு மாலை, வீடு கூட்டிய இல்லாள், "இஞ்சாருங்கோ, ஒரு வயர் கழண்டுபோச்சு!" என்றாள். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையிலிருந்த கம்பி அது. வழிப்படுத்திகளின் பக்கத்துக் கம்பிகளோ நன்றாகவே இருந்தன; ஆதலின் இரண்டும் குறையொன்றும் அறியவில்லை. "தொடாதையும்!" என்று கூறி மணிக்கூட்டைப் பார்த்தோம். ஓ.எஸ்.பி.எப். முறையிலே அயலவர் பத்து வினாடிக்கு ஒருமுறை ஒருவருக்கொருவர் ஹலோ சொல்வர். கடைசி ஹலோவிலிருந்து நாற்பது வினாடி மௌனமாயின், அயலவன் இல்லை என்று கொள்வர். திரையிலே பொதிகள் தவறிக்கொண்டிருந்தன. திடீரென மூன்றாம் கருவியின் வழியாக மீண்டும் ஓடத் தொடங்கின. புதுவழியைக் கணித்த முறை, ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956 இல் ஆம்ஸ்டர்டாம் கோப்பிக்கடை ஒன்றில் இருபது நிமிடத்திலே கண்டது.

அறுந்ததை ஆர் சொல்லுறது? ஒருவரும் சொல்வதில்லை, வரவேண்டிய ஹலோ வராமையே சொல்லுகிறது.

இரண்டாம் முறை சித்தியடைந்தோம். சான்றிதழுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. கேள்வி கேட்ட மாணவன் அதற்குள் கல்லூரியை விட்டுப் போயிருந்தான். தொலைபேசியில் அழைத்து விடையைச் சொன்னோம். "எந்தக் கேள்வி, சேர்?" என்றான் அவன். சற்று ஏமாற்றந்தான். ஆயினும் அவன் மறந்த கேள்வியால் எமக்குக் கிடைத்தது பெரிது.

இப்பொழுது அக்கருவிகள் வகுப்பறைக்கு வருகின்றன. ஒரு மாணவன் கம்பியைக் கழற்ற, மற்றவர்கள் உரத்து வினாடிகளை எண்ணுவர். எமக்கு விடை தெரியாத கேள்விகள் இன்னமும் எழுகின்றன. "பாடத்திட்டத்தில் இல்லை" என்று நாம் சொல்வதில்லை. "எமக்கும் தெரியாது, கழற்றிப் பார்ப்போம்" என்கிறோம்.