பல்லியத்தில் ஒரு விருந்து

விருந்து என்றவுடன் இன்று நம் நினைவிற்கு வருவன இலையும் சோறும் பாயசமுமே. பழந்தமிழரோ அச்சொல்லைப் புதுமை என்னும் பொருளில் வழங்கினர். முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நின்றால் அவர் விருந்து. புலவர் ஒருவர் புதிய முறையில் நூல் செய்தால் அதுவும் விருந்து. தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் விருந்தினையும் ஒன்றாக வைத்தார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் ஓதுவித்தவன் நான். ஆயினும், என் வாயிலில் வந்து நின்ற விருந்து ஒன்றனை எள்ளி நகைத்து அனுப்பிவிட்டேன். அக்கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

அப்பொழுது நான் தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் தமிழாசிரியனாய் இருந்தேன். ஒருநாள் பிற்பகல் பத்தாம் வகுப்பில் மலைபடுகடாம் என்னும் நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்நூலின் தலைவனாகிய நன்னன் ஆண்ட செங்கண்மா நமக்குத் தொலைவில் உள்ளதன்று. அரூருக்கு அப்பால், வடகிழக்கே, இன்று செங்கம் என வழங்கும் ஊரே அது. அவனைக் காணச் செல்லும் கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து, மலைவழியே நடந்து செல்கின்றனர். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், எல்லரி, பதலை என அக்கருவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாய்க் கரும்பலகையில் எழுதினேன். இவ்வாறு பல கருவிகள் சேர்ந்தது பல்லியம் என்றும், நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு புலவர்க்குப் பெயர் வழங்கிற்று என்றும் விளக்கினேன்.

கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். பதினைந்து வயதினன், அதிகம் பேசாதவன். "ஐயா, இத்தனை கருவிகளும் ஒருங்கே ஒலித்தால் எவ்வாறு இருக்கும்? மேல்நாட்டில் எழுபது எண்பது பேர் ஒன்றாய் அமர்ந்து வாசிக்கின்றார்களாம். வானொலியில் கேட்டேன். அதுவும் பல்லியந்தானா?" என்று வினவினான்.

நல்ல வினா அது. அதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் இடந்தரவில்லை. ஆகவே, "தம்பி, எண்பது பேர் கூடிக் கத்துவதைக் கேட்க மேல்நாட்டுக்கு ஏன் போக வேண்டும்? நம் கடத்தூர்ச் சந்தைக்குப் போனால் போதுமே!" என்றேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அமைதியாய் அமர்ந்துவிட்டான்.

ஆண்டுகள் பல சென்றன. நான் ஓய்வு பெற்றேன். அம்மாணவர் மும்பையில் ஒரு வங்கியில் அலுவலராய் இருப்பதாகக் கேள்வியுற்றேன். ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இங்கே இசைப்பருவம் தொடங்குகின்றது. தாங்கள் ஒருமுறை வந்து கேட்க வேண்டும்" என்றார். எனக்குச் சென்னை மார்கழி தெரியும். 1928-ஆம் ஆண்டில் தோன்றிய மியூசிக் அகாதெமியும், 1943-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் நடத்தும் விழாக்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டதுண்டு. மும்பையில் என்ன பருவம் என்று எண்ணியவாறே சேலத்தில் இரயிலேறினேன்.

மும்பையில் நரிமன் முனையில், கடலோரமாக, தேசிய நிகழ்கலை மையம் என்னும் நிறுவனம் உள்ளது. அது 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் ஆதரவில் 2006-ஆம் ஆண்டு இந்தியச் சிம்பொனி இசைக்குழு என்னும் பல்லியம் அமைந்தது. ஆண்டுதோறும், பெரும்பாலும் பெப்ரவரியை ஒட்டி ஒன்றும் செப்டம்பரை ஒட்டி ஒன்றுமாக, அக்குழு இசைப்பருவங்களை நடத்துகின்றது. குழுவினருள் ஒரு பகுதியினர் நிலையாய் இருப்பவர். குழுவை நடத்தும் இசை நடத்துநரும், முன்னின்று தனியே வாசிக்கும் கலைஞரும் பல நாடுகளிலிருந்து விருந்தினராய் வந்து செல்பவர். மும்பையிலே பிறந்து உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தாவும் 2023-ஆம் ஆண்டில் இக்குழுவை நடத்தினார்.

அன்று மாலை மேடையில் ஏறத்தாழ எண்பது பேர் அரைவட்டமாய் அமர்ந்திருந்தனர். எனக்குச் சந்தையின் நினைவு வந்தது. அந்நிலையில் ஓபோ என்னும் ஒரு குழல் தனியே ஒரு சுரத்தை நீட்டி ஒலித்தது. அது நம் நாகசுரத்தின் சீவாளியைப் போலவே இரட்டை நாணலால் ஒலி எழுப்பும் கருவி. அந்த ஒரு சுரத்திற்கு எண்பது பேரும் தத்தம் கருவிகளைச் சுருதி சேர்த்தனர். நம் கச்சேரியில் தம்புரா இறுதிவரை சுருதியைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். இங்கோ, தொடக்கத்தில் ஒருமுறை கேட்டதனை ஒவ்வொருவரும் தம் செவியில் வைத்துக் காக்க வேண்டும். இது சந்தை அன்று என்பது இசை தொடங்கும் முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

செருமானிய நாட்டு மேதை பீத்தோவன் 1806-ஆம் ஆண்டில் வயலினுக்கென இயற்றிய பெரும்படைப்பு அன்று வாசிக்கப்பட்டது. விருந்தினராய் வந்த வயலின் கலைஞர் நடத்துநரின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் உடனே வாசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசிக்கவில்லை. முரசு மிக மெல்ல ஐந்து முறை தட்டிற்று. பின்பு குழல்கள் பாடின. அதன்பின் நரம்புக் கருவிகள் எழுந்தன. ஏறத்தாழ மூன்று நிமிடம் குழுவே வாசித்தது. அவ்வளவு நேரமும் அப்பெருங்கலைஞர் வில்லைத் தாழ்த்தியவாறு கேட்டுக்கொண்டே நின்றார். விருந்தினர்க்கும் ஒரு முறை உண்டு; முதலில் அவ்வீட்டின் குரலைக் கேட்க வேண்டும். பின்னரே அவர் வில் எழுந்தது. அவ்வொலி எழுந்ததும் எண்பது பேரும் தம் ஒலியைத் தணித்து அவர்க்கு இடந்தந்தனர்.

மாதவி அரங்கேறியபொழுது குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் இசைந்து நின்ற முறையை இளங்கோவடிகள் கூறுகின்றார். ஒரு கருவி மற்றொன்றனுக்குச் செவிகொடுத்து நிற்கும் அம்முறையை ஏட்டில் எத்தனையோ முறை படித்திருந்தேன். கண்ணெதிரே கண்டது அன்றுதான். இத்தனைக்கும் நடுவே கையில் சிறுகோலுடன் நின்ற நடத்துநர் ஒரு சிற்றொலியும் எழுப்பவில்லை. அவர் செய்த தொழிலெல்லாம் எவர் எப்பொழுது எழவேண்டும், எவர் எப்பொழுது அடங்கவேண்டும் என்று காட்டியதே.

முதற்பகுதியின் முடிவை நெருங்கும்பொழுது குழு முழுவதும் சட்டென நின்றது. விருந்தினர் மட்டும் தனியே வாசித்தார். நம் கச்சேரியில் வரும் தனி ஆவர்த்தனத்தை அது நினைவூட்டியது. இவ்விடத்தில் வயலின் என்ன வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் எழுதி வைக்கவில்லை. வாசிப்பவர் தாமே அமைத்துக்கொள்ளலாம். முன்னோர் அமைத்ததனையும் எடுத்தாளலாம். விருந்தினர்க்கென ஓர் அறையை வெறுமையாய் விட்டு வைத்த வீடு போன்றது அது. அத்தனி வாசிப்பு முடிந்து குழு மெல்ல வந்து சேர்ந்தபொழுது, நான் என்னை மறந்து "ஆகா!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். முன்வரிசையினர் திரும்பிப் பார்த்தனர். அங்கே வாசிப்பின் இடையில் வாய்திறப்பது வழக்கமன்றாம். என் மாணவர் புன்னகை செய்தார்.

நிகழ்ச்சி முடிந்தபின் கடற்கரையில் அமர்ந்தோம். அவர் அப்படைப்பின் வரலாற்றைக் கூறினார். வியன்னா நகரில் அரங்கேறிய பின் அதனைப் பெரிதும் எவரும் போற்றவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1844-ஆம் ஆண்டு இலண்டன் பில்ஹார்மானிக் சங்கத்தார் தம் இசைப்பருவத்தை நடத்தச் செருமானிய நாட்டு மெண்டல்சனை விருந்தினராய் அழைத்தனர். அவர் யோசப் யோவாக்கிம் என்னும் சிறுவனைக் கொண்டு இதனை வாசிக்கச் செய்தார். அவனுக்கு வயது பன்னிரண்டு. அத்துணை இளையோரை மேடையேற்றுவது அச்சங்கத்தின் வழக்கமன்று. ஆயினும் அச்சிறுவன் பொருட்டு அவ்வழக்கத்தைத் தளர்த்தினர். அன்று தொடங்கி அப்படைப்பு உலகில் நிலைபெற்றது.

"ஐயா, எதிர்த் திசையிலும் விருந்து செல்வதுண்டு. நம் நாட்டுத் தபேலா மேதை சாகிர் உசேன், தபேலா முன்னிற்கப் பல்லியம் உடன் வாசிக்கும் படைப்பு ஒன்றனை இக்குழுவிற்கென இயற்றினார். 2015-ஆம் ஆண்டு இங்கே அரங்கேற்றினார்" என்றும் அவர் சொன்னார். சாகிர் உசேன் 2024-ஆம் ஆண்டு மறைந்தார், அப்படைப்பு நிற்கின்றது.

அப்பொழுதுதான் ஓர் உண்மை என் நெஞ்சில் தைத்தது. சென்னையில் நான் கேட்டு மகிழ்ந்த கச்சேரிகளில் பாடுவோரின் பக்கத்தே அமர்ந்து, அவர் குரலை நிழல்போல் தொடர்வது எது? வயலின் அன்றோ! அது நம் நாட்டிற்கு வந்த விருந்து. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதில் வல்லவரானார். அவர்கள் அதனைத் தரையில் அமர்ந்து வாசிக்கும் முறைக்கு ஏற்பத் தாங்கி, நம் இராகங்களை அதன் நரம்புகளில் குழைத்தனர். "இது அயலார் கருவி, சந்தை இரைச்சல்" என்று அன்று அவர்கள் நகைத்திருந்தால், நம் இசையரங்கு இன்று எவ்வளவு வறியதாய் இருந்திருக்கும்!

நான் அவரை நோக்கி, "தம்பி, அன்று வகுப்பில் நான் சொன்னது தவறு. உன் வினாவிற்கு விடை தெரியாமையால் உன்னை நகைப்பிற்கு இடமாக்கினேன். பொறுத்துக்கொள்" என்றேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்தார். "முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், எல்லரி, பதலை" என்று மெல்லச் சொன்னார். "ஐயா, தாங்கள் எழுதிய பெயர் ஒன்றனையும் நான் மறக்கவில்லை. ஆனால், அதன்பின் எந்த வகுப்பிலும் நான் வினாக் கேட்கவில்லை" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

இலண்டனில் ஒரு சிறுவனுக்காகப் பெரியோர் தம் வழக்கத்தைத் தளர்த்தினர்; மறக்கப்பட்ட ஓர் இசை உயிர்பெற்றது. கடத்தூரில் ஒரு சிறுவன் வினாவோடு எழுந்தான்; நான் அவனை அமர்த்தினேன். எத்தனை வினாக்கள் அவனுள் அடங்கிப்போயினவோ, எனக்குத் தெரியாது.

மாணவர்களே! அறியாத ஒன்று உங்கள் முன் வந்து நிற்கும்பொழுது நகைப்பது எளிது, செவிகொடுப்பது அரிது. புதியது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கேட்டபின் கொள்ளலாம், தள்ளவும் செய்யலாம். கேளாமல் கதவை அடைப்பவன், வந்த விருந்தை மட்டுமன்றித் தன் வீட்டின் வளத்தையும் இழக்கின்றான். உங்கள் வகுப்பில் எவரேனும் எழுந்து புதியதொரு வினாவைக் கேட்டால், அவர் சொல்லி முடிக்கும்வரை, அந்த வயலின் கலைஞரைப் போல, வில்லைத் தாழ்த்திச் சற்றே கேட்டு நில்லுங்கள்.