படிப்பும் பணியும் அடுப்படியும்

இறையியல் பயிலும் போதகனுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றே: “சமநிலை பேணுங்கள்.” படிப்புக்கு இவ்வளவு, திருச்சபைக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என நேரத்தைப் பங்கிட்டுவிட்டால் யாவும் செவ்வனே நடந்தேறும் என்பது அவர்தம் எண்ணம். மலையகத் தோட்டங்கள் ஐந்தில் பணியும், எபிரேய இலக்கணமும், இரு குழந்தைகளும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற நாம் அச்சமநிலையைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

தோட்டத்து மக்களுக்கு ஓய்வு கிடைப்பது பொழுது சாய்ந்த பின்னரே. எனவே எமது பணியும் அப்பொழுதே தொடங்கும். லயத்தில் ஒரு சாவு நேர்ந்தால் பாடத்திட்டம் காத்திருக்க வேண்டியதுதான். ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் தாய்க்குச் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஊழியமே. அதற்கு எந்தக் கல்லூரியும் புள்ளி வழங்குவதில்லை. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற நாட்களிலேதான் நாம் எபிரேய வினைத்திரிபுகளை ஒழுங்காகப் படித்தோம் என்றால் வாசகர் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மை.

நேரம் என்பது எல்லோருக்கும் சமமாக அளக்கப்பட்ட பண்டமன்று. பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி 1963இல் தோன்றியபோது, சபைப் பிரிவுகள் பல ஒன்றுகூடித் தாய்மொழியிலே குருமாரைப் பயிற்றத் துணிந்தன. பெருமைக்குரிய முயற்சி அது. ஆனால் விடுதியில் தங்கிக் கற்பதற்கு, வீட்டை விட்டு வரக்கூடியவனாக இருத்தல் வேண்டும். ஏறக்குறைய அதே வேளையில் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிற்றேரியன் இறையியற் பள்ளியினர் இச்சிக்கலை வேறு வழியில் அணுகினர். கிராமத்துச் சபைகளை நடத்தியோர் வயலும் குடும்பமும் உடையவர்கள். தலைநகருக்கு வர அவர்களால் இயலவில்லை. வந்து கற்ற இளைஞரோ பெரும்பாலும் கிராமத்துக்குத் திரும்பவில்லை. எனவே மாணவன் இருக்குமிடத்துக்கே பாடத்தை அனுப்பி, ஆசிரியர் வாரந்தோறும் சென்று சந்திக்கும் முறையை வகுத்தனர். உழைப்பவனுக்கும் கல்வியின் கதவைத் திறந்த முறை அது. இன்று நாம் கற்பதும் அதன் வழிவந்த முறையிலேயே.

எனினும் அம்முறையிலும் ஒரு கணக்கு விடுபட்டுப் போயிற்று. விடுதியில் சோறும் விளக்கும் அமைதியும் கல்லூரியின் செலவு. வீட்டிலே கற்கும்போது அச்செலவு எவர் தலையில் விழுகிறது? எமது துணைவியார் ஆசிரியை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திவிட்டு, எமது மேசையில் விளக்கு எரிவதற்காகக் குழந்தைகளை அடுப்படியிலே படிக்க வைப்பவர் அவர். இதனோடு மாதர் சங்கமும் ஞாயிறு பாடசாலையும் ‘போதகரம்மா’வின் கடமை என்று சபை கருதுகிறது. நியமனக் கடிதமும் சம்பளமும் இல்லாத உத்தியோகம்!

இஃது இன்று நேற்று ஏற்பட்டதன்று. தென்னாசியாவில் இறையியற் பட்டம் பெறுவோர் பலரது சான்றிதழிலே செராம்பூர் என்னும் பெயர் காணப்படும். 1818இல் அக்கல்லூரியை நிறுவிய கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய மூவரையும் நாம் தேர்வுக்காக மனனம் செய்கிறோம். 1800ஆம் ஆண்டு முதல் ஹன்னா மார்ஷ்மன் தம் கணவரோடு நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருவாய், அந்த மிஷனின் வயிற்றைக் கழுவிய பெருந்துணைகளுள் ஒன்று. கேரியின் மனைவி டொரதியோ வங்காளத்தில் மகனைப் பறிகொடுத்து, மனம் பேதலித்து, 1807இல் மறைந்தார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1801இல், வங்காளி மொழியிற் புதிய ஏற்பாடு அச்சேறிவிட்டது. மொழிபெயர்ப்பின் மகத்துவத்தை நாம் மறுக்கவில்லை. அடுத்த அறையில் இருந்த அப்பெண்ணும் அவ்வரலாற்றின் ஒரு பக்கமே என்கிறோம். பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தார் என்று எமக்கு எடுத்துக்காட்டுவோர் உளர். அவருக்குப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவு இருந்ததாகத் தெரியவில்லை!

சென்ற தவணையில் நாமும் துணைவியாரும் ஒருங்கே கையொப்பமிட்டுச் சபைக் குழுவினருக்கு ஒரு கடிதம் எழுதினோம். புதன்கிழமை வீட்டு ஜெபங்களைச் சபையாரே முறைவைத்து நடத்த வேண்டும்; தேர்வு மாதங்களில் குடும்பத்துக்குப் படி வழங்க வேண்டும்; துணைவியாரின் சபைப்பணி அவரது விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருத்தல் வேண்டும். முதலாவதை உடனே ஏற்றனர். இப்போது கொழுந்து பறிக்கும் பெண்களே அந்த ஜெபத்தை நடத்துகின்றனர், எம்மிலும் நன்றாகவே. படியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் ஆராய்வார்களாம். மூன்றாவதைக் குறித்து நீண்ட நேரம் மௌனம் நிலவியது. பின்னர், மாதர் சங்கத்துக்கு வேறொரு தலைவியைத் தேடும்படி ஒரு மூதாட்டி எழுந்து பிரேரித்தார்.