மை குறைந்தது என்னும் அறிவித்தல்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில் அமைந்த எங்கள் சாம்பல்தீவில், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், மையைப் பற்றிக் கவலையுறாத நாளொன்று எனக்கு இருந்ததில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 23ஆம் திகதி தொடங்கவிருந்தது. அயற்பிள்ளைகள் ஐவர் மாதிரி வினாத்தாள்களுக்கு என் வீட்டு அச்சுப்பொறியை நம்பியிருந்தனர். நகரத்தில் பிரதி எடுப்பிக்கலாமெனில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் மார்ச்சிலேயே பிற்போடப்பட்டிருந்தன. காட்ரிஜ் எனக் கடைக்காரர் வழங்கும் மைக்கூடும் கிடைத்தற்கு அரிதாயிற்று. அவ்வேளையிலேதான் ‘மை குறைந்துள்ளது’ என்னும் அறிவித்தல் திரையிலே தோன்றிற்று.

முன்பொருமுறை இவ்வறிவித்தலைக் கண்டவுடனே மைக்கூட்டைக் கழற்றி எறிந்து புதியது வாங்கியவன் நான். எறிந்ததைத் தம்பியின் மகன் உடைத்து விளையாட, முற்றமெல்லாம் கருமை படிந்தது. அவனைக் கடிந்தேனேயன்றி, அக்கருமை எங்கிருந்து வந்ததென்று சிந்தித்தேனல்லேன்.

இம்முறை வேறு வழியின்மையால் சிந்திக்க நேர்ந்தது. இங்க்ஜெட் எனப்படும் வீட்டு அச்சுப்பொறிகளுட் பல மையைப் பார்ப்பதில்லை, எண்ணுகின்றன. நுண்துளைகளினூடே எத்தனை துளி வெளியேறிற்று என்று கணக்கிட்டு, நிரப்பிய அளவிலிருந்து கழித்து, எஞ்சியதை ஊகிக்கின்றன. மூட்டையைத் திறந்து பாராமல், கொப்பிக் கணக்கை மாத்திரம் பார்த்து ‘அரிசி முடிந்தது’ என்னும் கடைக்காரனை இஃது ஒக்கும். அவன் பொய்யனல்லன், ஆயினும் மூட்டையின் மூலையிலே இரண்டு கொத்து அரிசி கிடக்கலாம். மை முற்றாக வற்றினால் சில பொறிகளில் மை உமிழும் தலைப்பகுதி பழுதுறும். ஆகையால் கணக்கைச் சற்று முன்கூட்டியே முடிக்கின்றனர். அதிற் குறை சொல்வதற்கில்லை. மைக்கூடு விற்பவருக்கும் அது நட்டமன்று என்பது வேறு கதை.

மற்றொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். பொறியை இயக்கும்போது, துளைகளைத் துப்புரவு செய்வதற்கென அது சிறிது மையைத் தானே உமிழ்வதுண்டு. அதுவோ மின்வெட்டுக் காலம். ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் ஒரு துப்புரவு. ஓர் எழுத்தேனும் அச்சாகாமலே மை குறைந்துகொண்டிருந்தது! அதன்பின் தாள்களையெல்லாம் சேர்த்துவைத்து, மின்சாரம் உள்ள பொழுதில் ஒரே மூச்சில் அச்சிட்டேன். எழுத்தையும் இளங்கறுப்பாக அமைத்துக்கொண்டேன். ‘குறைந்துள்ளது’ என்ற பின்னரும் 37 பக்கங்கள் வாசிக்கத்தக்கனவாக வந்தன.

அடுத்த பக்கத்திற் பொறி நின்றுவிட்டது. கறுப்பு மை தீரவில்லை, மஞ்சள் தீர்ந்ததாம். மஞ்சட்புள்ளி ஒன்றேனும் இல்லாத கணித வினாத்தாளுக்கு மஞ்சள் மை வேண்டுமென அடம்பிடித்தது. எத்துணை மன்றாடியும் பயனில்லை.

அச்சான ஒரு பிரதியை விறாந்தையின் நடுவே வைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில், ஒருவர் வாசிக்க நால்வர் எழுதிக்கொண்டனர். பாதித் தாளிலே மூத்த பெண்ணின் பேனா எழுத மறுத்தது. அவள் அதை இருமுறை உதறி, கொப்பியின் ஓரத்திற் கிறுக்கிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.