நடக்கச் சொன்ன வைத்தியர்

குடலிறக்கத்திற்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரை வைத்தியர் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார். நம் பாட்டனார் கேட்டிருந்தால் இதனைக் கொலைபாதகம் என்றிருப்பர். வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடப்பதே அன்றைய மருத்துவம். சிக்காகோவிலே எமில் றீஸ் என்பார் 1899 இலேயே நோயாளரை விரைவில் எழுப்பி நடமாடவிட்டு நற்பயன் கண்டார். எனினும் வைத்திய உலகம் அதனைப் பரவலாக ஏற்பதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. படுத்தே கிடந்தாற் கெண்டைக்கால் நாளங்களிற் குருதி தேங்கி உறையக்கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. நடக்குந்தோறும் கால் தசைகள் சுருங்கிக் குருதியை மேலே தள்ளுகின்றன.

ஆகவே நாமும் நடந்தோம், பேராதனையில் மாவலி கங்கையின் கரையோரமாக. முதல் நாள் இருநூறு அடிகூட இராது. தையல் இழுத்தது. இருமல் வந்துவிடுமோ என்ற அச்சத்தோடு வயிற்றைக் கையால் தாங்கியபடி நடந்தோம். ஒரு வாரத்தின்பின் தாவரவியற் பூங்காவின் மூங்கிற் புதர்கள் தெரியும் வளைவுவரை செல்ல முடிந்தது. கிணற்றையும் குளத்தையுமே கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் நாம்; குடாநாட்டில் வற்றாத ஆறென்று ஒன்றில்லை. ஓடும் நீருக்கு அருகே, எவ்வித அவசரமுமின்றி, மீன்கொத்தி ஒன்று மூழ்கி எழுவதைப் பார்த்து நிற்பதிலுள்ள சுகத்தை இந்த வயதிலேதான் அறிந்தோம். தலைக்கு மேலுள்ள கிளைகளிற் கந்தல் துணிகள் தொங்கின. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பெருகிய வெள்ளம் விட்டுச்சென்றவை அவை.

தலவாக்கலையிற் பெய்யும் மழை கொத்மலை ஓயாவாகி மாவலியிற் கலந்து இக்கரையைத்தான் கடந்து செல்கிறது. தலவாக்கலையை நாம் நினைக்கக் காரணம் உண்டு. வாட்டில் அடுத்த கட்டிலிற் கிடந்த தோழர் அப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அதே நோய், ஒரே நாளிற் சிகிச்சை. இருவரும் ஒரு சதமேனும் செலுத்தவில்லை. அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951 இலேயே நீக்கப்பட்டுவிட்டதன்றோ! நம் நாட்டு மக்கள் பெற்ற அரும்பேறுகளுள் அது ஒன்று. ஆனால் அந்தச் சமத்துவம் வாட்டின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது, நாள்தோறும் நடக்கவேண்டும் என்று இருவருக்கும் ஒரே அறிவுரை கூறப்பட்டது. அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

“நடக்கச் சொல்றாங்க மாஸ்டர். பெரட்டுக்குப் போய்வரவே ரெண்டு கட்டை ஏத்தம். அதையும் கணக்குல சேத்துக்குவாங்களா?”

நமக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அவருக்கோ பேர் விழாத நாளுக்குக் கூலியில்லை. பல ஆண்டுக் கிளர்ச்சியின்பின் 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. பின்னர் மேலும் உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தாலும் கட்டிலிற் கிடப்பவருக்கு அது பூச்சியமே. உரமூட்டை சுமந்து வந்த நோயைத் தீர்த்து, அவரை மீண்டும் உரமூட்டையிடமே அனுப்பிவைக்கிறோம். ஓய்வெடுக்கும்படி வைத்தியர் சீட்டு எழுதித் தருகிறார்; அச்சீட்டுக்கு அரிசி கொடுக்கும் கடை எந்தத் தோட்டத்தில் உண்டு? தொழிற்சங்கங்கள் நாட்கூலிக்காகப் போராடியது போன்று நோய்க்காலச் சம்பளத்திற்காகவும் போராடவேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

மூன்றாம் வாரத்தில் அவரோடு தொலைபேசியிற் பேசினோம். நாம் அன்று முழுதாக ஒரு கட்டை தூரம் நடந்திருந்தோம். அந்த மகிழ்ச்சியைச் சொல்லவே அழைத்தோம். அவர் கவ்வாத்துக் கத்தியைக் கையிலெடுத்து நான்கு நாளாயிற்றாம். வலி வந்தால் இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொள்வாராம். ஆறு வாரம் என்றல்லவா சொன்னார்கள் என்று கேட்டோம்.

“வீட்டுக்காரி ஒருத்தி பேருல அஞ்சு வயிறு மாஸ்டர்” என்றார்.