கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஆறுதல் வேண்டும்

"உங்கள் மகனுக்கென்ன, கெட்டிக்காரனாயிற்றே!" என்று உறவினர் கூறும்போதெல்லாம் உள்ளம் பூரித்தவள் நான். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவன் பெற்றது 500க்கு 491. பள்ளியிலிருந்து வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

பதினோராம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில், மெத்தையை வெயிலில் காயவைக்க எடுத்தேன். அடியில் ஒரு கணக்கு விடைத்தாள், 100க்கு 54. பத்து நாட்களாக வயிற்றுவலி என்று அவன் உணவை ஒதுக்கியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

"நீ கெட்டிக்காரன், அடுத்த முறை சமாளித்துவிடுவாய்" என்றேன். ஆறுதல் என்றெண்ணித்தான் சொன்னேன். "சமாளிக்க முடியாவிட்டால் நான் யார் அம்மா?" என்று கேட்டு விம்மினான்.

மறுவாரம் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றோம். அவனோடு பேசியபின் என்னை அழைத்தார். "மதிப்பெண்ணைத் தவிர வேறெதைப் பற்றி மகனிடம் கடைசியாகப் பேசினீர்கள்?" எவ்வளவு யோசித்தும் என்னிடம் விடையில்லை.

"எதையும் எளிதில் புரிந்துகொண்டு பழகிய பிள்ளைக்கு முதன்முறையாக ஒன்று புரியாவிட்டால், பாடம் கடினம் என்று தோன்றாது, தன் அறிவே அவ்வளவுதான் என்று தோன்றிவிடும். உதவி கேட்டும் அவனுக்குப் பழக்கமில்லை" என்று விளக்கினார்.

திரும்பும் வழியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியைக் கடந்தோம். 1904ல் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்தவர் கணித மேதை இராமானுஜன். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். 1905ல், தமது 17ஆம் வயதில், வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றுவிட்டார். மேதையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், மனமுடைந்த அந்தப் பையனைப் பற்றிச் சொல்வதில்லை. அன்று நான் சொன்னேன்.

வெகுநேரம் மௌனமாயிருந்தவன், "அப்புறம் வீட்டிற்கு வந்தாரா?" என்று கேட்டான்.

"வந்தார்" என்றேன். என் கையைப் பற்றிக்கொண்டான்.

இப்போது அவன் பள்ளியிலிருந்து வந்ததும் நான் மதிப்பெண் கேட்பதில்லை. உடன் அமர்ந்து தேநீர் அருந்துகிறேன். சில நாட்களில் அவனே பேசத் தொடங்குகிறான். புரியாததை ஆசிரியரிடம் கேட்கவும் பழகியிருக்கிறான்.

சகோதரிகளே! நன்றாகப் படிக்கும் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். நேரில் ஆலோசகரைக் காண வழியில்லாதோருக்கு 2022ல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். ஆயினும், பிள்ளை முதலில் பேச விரும்புவது நம்மிடந்தான்.