53 வயதில் ஓர் அலிஃப்

உழைத்து உண்பதன் சிறப்பைப் பற்றி நாம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். நபி தாவூது (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உணவருந்தினார்கள் என்னும் ஹதீஸை எடுத்துரைக்காத ஆண்டில்லை. ஆயினும் நமக்கு நெருங்கிய அன்பர் ஒருவர் தம் 53ஆம் வயதில், "சரக்கு லாரி ஓட்டப் போகிறேன், ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்று வந்து நின்றபோது, "வேண்டாம் பாய்" என்ற சொல்லே நம் வாயில் முதலில் வந்தது. அதை நினைக்க இன்றும் நாணுகிறோம்.

உதகையிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மத்திய அரசுத் தொழிற்சாலை. எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளைப் பிலிமும் 'இந்து' என்ற பெயர் தாங்கி அங்கிருந்து நாடெங்கும் சென்றன. வண்ணப் பிலிம் பெருகி, பிறகு பிலிமே வேண்டாத டிஜிட்டல் காலமும் வந்தபின் ஆலை நலிந்தது. எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கு 2014இல் விருப்ப ஓய்வு வந்தது. நம் அன்பரும் அவர்களுள் ஒருவர். ஒளி பட்டால் பிலிம் கெட்டுவிடும். ஆகவே இருட்டறையில் கைத்தடவலாலேயே வேலை செய்து பழகியவர். "வெளிச்சத்தில் செய்ய எனக்கு ஒரு வேலையும் தெரியாது, ஹஜ்ரத்" என்றார்.

கிடைத்த தொகை வீட்டுக் கடனுக்கே சரியாயிற்று. இளைய மகள் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் கணக்கெழுதும் வேலை ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னோம். அவர் புன்னகைத்தார், அதில் கிடைப்பது எவ்வளவு என்பதை இருவரும் அறிவோம். மகனோ, "இந்த வயதில் லாரியா அத்தா? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டான்.

ஊர் சொல்வது எதுவாயினும் சட்டம் தடை சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும் என்கிறது. மேல்வரம்பு எதுவும் கூறவில்லை. இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் சான்று வேண்டும். அன்பரிடம் ஜீப் ஓட்டும் உரிமம் முன்பே இருந்தது.

ஆனால் உரிமம் வேறு, மலைப்பாதை வேறு. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,900 மீட்டர் இறங்க வேண்டும். குன்னூருக்குக் கீழே மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆகவே கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் லாரியொன்றில் முதலில் கிளீனராகச் சேர்ந்தார். ஓட்டுநர் 26 வயது இளைஞர். வண்டி சரிவில் நிற்கும்போதெல்லாம் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது அன்பரின் வேலை. "ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை நீங்கள் ஓதிக் காட்டினீர்கள், நான் தினமும் கட்டையால் ஓதுகிறேன்" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

ஸ்டியரிங் கைக்கு வந்து சில மாதங்கள் கழித்து ஒரு நாள், மேட்டுப்பாளையத்தில் லுஹர் ஜமாஅத்தைப் பிடிக்கும் ஆவலில், இரண்டாம் கியரில் இறக்க வேண்டிய பாரத்தை மூன்றாம் கியரில் இறக்கினார். என்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய எடையைப் பிரேக் தாங்கிற்று. மிதிக்க மிதிக்க டிரம் கொதித்தது. லைனிங் கருகும் வாடை எழுந்தது. பக்கத்திலிருந்த இளைஞர் கியரைக் குறைக்கச் செய்து, பர்லியாற்றுக்கு மேலே வண்டியை ஓரங்கட்ட வைத்தார். ஒரு மணி நேரம் சூடு தணியக் காத்திருந்தார்கள். "ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். சாமி கும்பிடவும் உயிரோடு போய்ச் சேர வேண்டும், பாய்" என்றார் அந்த இளைஞர். ஜமாஅத் தவறியது. சாலையோரத்தில் துண்டை விரித்துத் தனியே தொழுதார்.

இதை நம்மிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது, ஜமாஅத் தவறியதற்காக மட்டுமன்று. "என் மகன் வயதுப் பிள்ளை சொல்லித் திருத்தும்படி ஆயிற்றே" என்றார். அப்போதுதான் நாம் கித்தாபில் படித்தது நினைவுக்கு வந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. கஃப்பால் என்ற பெயரே அதனால் வந்தது. 30 வயதில்தான் அவர்கள் ஃபிக்ஹுக் கல்வியைத் தொடங்கினார்கள். நபி மூஸா (அலை) அவர்களோ நபித்துவம் பெற்ற பின்னும் கிள்று (அலை) அவர்களிடம் மாணவராகச் சென்றார்கள். பொறுமையில்லை என்று சொல்லப்பட்டும் பின்தொடர்ந்தார்கள். இவற்றை அன்பருக்கு எடுத்துச் சொன்னோம். சொல்லும்போதே நம் உள்ளம் நம்மைக் கேட்டது: நம் மாணவன் ஒருவன் கைப்பேசியில் தமிழ் எழுதக் கற்றுத் தருகிறேன் என்றபோது, ஆசிரியர் என்ற மிடுக்கில் மறுத்தவர் யார்?

முதுமையில் தொழில் மாறுவோர்க்குக் கை நடுக்கமோ கண் மங்கலோ மட்டும் தடையல்ல; மருத்துவர் அவற்றைச் சோதித்துச் சொல்லிவிடுவார். இளையவரிடம் "தெரியாது, கற்றுக் கொடு" என்று கேட்கும் நா எழாமையே பெருந்தடை. அதைச் சோதிக்கும் சான்று எந்த அலுவலகத்திலும் இல்லை.

அன்பருக்கு இப்போது 60 கடந்துவிட்டது. இரவு ஓட்டத்தை விட்டு, பகல் பாரம் மட்டும் எடுக்கிறார். மகள் படித்து முடித்துவிட்டாள். அவரை வண்டி ஓட்டப் பழக்கிய இளைஞர் சொந்த லாரி வாங்கிவிட்டார். குறுகிய மலைப்பாதையில் எதிரெதிரே வண்டிகள் வந்தால், இறங்கும் வண்டி ஓரங்கட்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அந்த இளைஞர் கீழிருந்து ஏறி வரும்போது அன்பர் ஓரங்கட்டி நின்று ஸலாம் சொல்கிறாராம்.

நாமும் அந்த மாணவனிடம் போய் அமர்ந்தோம். இக்கட்டுரை அவன் கற்றுத்தந்த முறையில் நம் விரலாலேயே எழுதியது. பிழைகள் இருப்பின் அவை மாணவரான நம்முடையவை. ஆசிரியரான அவனுடையவை அல்ல. ஹலாலான ரிஸ்கைத் தேடி மலையேறி இறங்கும் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக, ஆமீன்.