பூவரசு மேசை

திருமலைராயன்பட்டினம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சுவரில் வரிசையாக உளிகள்: கால் அங்குலம், அரை, முக்கால், ஒன்று. அரை அங்குலத்தின் இடம் காலி. அது ஆசாரியின் கையில் இருக்கிறது.

ரேடியோவில் காரைக்கால் பண்பலை, 100.3. பாட்டு ஓடுகிறது. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அணைத்தால் மட்டும் ஆசாரி நிமிர்கிறார்.

மூலையில் பூவரசம் பலகைகள். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது வேலியோரம் சாய்ந்த மரம். கிளைகள் அடுப்புக்குப் போயின. அடிமரம் ஆறு மாதம் குளத்தில் கிடந்தது. ஊறி, மரப்பால் வெளியேறினால் பலகை உளுக்காது. பிறகு மரவாடியில் அறுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து அடுக்கி, வருடக்கணக்கில் நிழலில் காய்ந்தது. மேல் பலகையில் சாக்கட்டியால் ‘கஜா’ என்று எழுதியிருக்கிறது.

மரத்தின் சொந்தக்காரர் வருகிறார். மகளும் வருகிறாள். மகளுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. வேலை சென்னையில், அவள் பட்டினத்தில். மேசை அவளுக்கு.

“30 அங்குலம் உயரம். நம்ம வீட்டுப் பழைய மேசை அதான்” என்கிறார் அப்பா.

ஆசாரி பதில் சொல்லவில்லை. மகளிடம் நாற்காலியை எடுத்துவரச் சொல்கிறார். மறுநாள் அது வருகிறது. ஆன்லைனில் வாங்கியது, ஐந்து சக்கரம். கொட்டகை நடுவே அவள் உட்காருகிறாள். சக்கரங்களில் இழைப்புச் சுருள் சிக்குகிறது. முழங்கையிலிருந்து தரைவரை டேப் இறங்குகிறது.

“27.”

அப்பா டேப்பை வாங்கித் தானும் அளக்கிறார். 27.

பழைய மேசை வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பர்மா தேக்கு. இழுப்பறைக்குப் பித்தளைப் பூட்டு. 1954 நவம்பர் 1-க்கு முன்னால், பிரெஞ்சு நிர்வாகத்தில் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவுடையது. ஆட்டினாலும் ஆடாது. அதன் மேல் டிவி இருக்கிறது.

வேலிப் பூவரசில் அகலப் பலகை கிடைப்பது அரிது. ஐந்து பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டினால்தான் இரண்டேகால் அடி வரும். ஆசாரி ஒவ்வொன்றின் முனையையும் பார்க்கிறார். வளையங்கள் ஒன்றில் மேல்நோக்கி, அடுத்ததில் கீழ்நோக்கி. பலகை வளைந்தாலும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும். பெவிகால் தடவுகிறார். கிளாம்ப் மூன்றுதான். நான்காவது இடத்தில் தேங்காய் நார்க் கயிறு, நடுவில் ஒரு குச்சி. குச்சியை முறுக்க முறுக்கக் கயிறு இறுகுகிறது. இடுக்கிலிருந்து வெள்ளைப் பசை முத்து முத்தாகப் பிதுங்குகிறது. ஈரத்துணியால் ஒரே துடைப்பு.

ஆசாரியின் அக்கா மகன் செல்போனில் படம் எடுக்கிறான். கிளாம்பை எடுக்கிறான். கயிற்றை விட்டுவிடுகிறான்.

காளமேகப் புலவர் மண்மாரி பொழியச் சாபமிட்டதாகக் கதை சொல்லும் ஊர் இது. கொட்டகைக்குள் மரத்தூள் மாரி. மோட்டார் ரம்பம் நின்றதும் எல்லோருடைய புருவமும் ஒரே நிறம்.

மின்சாரம் போகிறது. பேட்டரியில் பாட்டு தொடர்கிறது. சுவரிலிருந்து கை இழைப்புளி இறங்குகிறது. வெளுத்த மேல்தோல் போய் உள்ளே கரும்பழுப்பு வைரம் தெரிகிறது. சுருள் அறுபடாமல் முழ நீளம் வருகிறது. பையன் செல்போனைத் தேடுகிறான். சார்ஜ் இல்லை.

காலில் துளை, சட்டத்தில் கழுந்து. கழுந்து நுழையவில்லை. ஆசாரி ஓங்கி அடிக்கவில்லை. உருவி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, பளபளக்கிற இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடி நுழைக்கிறார். மறுபடி உருவுகிறார். நான்கு கால், எட்டுக் கழுந்து. மதியச் சோறு ஆறிப்போகிறது.

“எப்ப முடியும் ஆசாரி?”

“வெள்ளிக்கிழமை சார்.”

இரும்பு ஆணி கடற்காற்றில் நிற்காது. பித்தளைத் திருகாணி வேண்டும். பையன் நாகூருக்கு வண்டியில் போகிறான். வாஞ்சூர் எல்லையில் காவலர் பையைத் தட்டிப் பார்க்கிறார். மதுப் புட்டி இல்லை. பை காலி. திரும்பும்போது பையில் திருகாணி. யாரும் பார்க்கவில்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு இணைக்கும் நேரம். சட்டத்தில் திருகாணித் துளைகள் வட்டமாக இல்லை, நீளவாக்கில் இருக்கின்றன. அப்பா குனிந்து பார்க்கிறார்.

“ஏன் லூசா விடுற? இறுக்கிடலாமே.”

“ஐப்பசியில புரியும் சார்.”

மழைக்காற்றில் பலகை அகலவாட்டில் பருக்கும். சித்திரையில் சுருங்கும். இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும். இதையெல்லாம் ஆசாரி சொல்லவில்லை. இழுப்பறையின் பக்கத்தில் மட்டும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிப் பார்க்கிறார். தடையில்லாமல் ஓடுகிறது. இன்னொரு மடிப்பு. அதுவும் ஓடுகிறது. தலையசைக்கிறார்.

மகள் லேப்டாப்போடு வருகிறாள். வயர் போக ஓட்டை வேண்டும். இடது பக்கம். இல்லை, வலது. ஆசாரி பென்சிலை நீட்டுகிறார். அவளே வட்டம் போடுகிறாள். மறுநாள் அதை அழித்து நடுவில் போடுகிறாள். ஆசாரி துளையிடுவதற்குள் அமாவாசை வந்துவிடுகிறது. பட்டறை மூடிக் கிடக்கிறது.

உப்புத்தாள் மூன்று தினுசு: முரடு, நடுத்தரம், நைஸ். பையனின் வேலை. தேய்க்கிறான், ஊதுகிறான், தடவுகிறான். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டுகிறார். ஓர் இடத்தில் கை நிற்கிறது. பையன் மறுபடி தேய்க்கிறான்.

அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்து பாட்டிலில் காத்திருக்கிறது. வானம் மூட்டம். ஈரக்காற்றில் பாலீஷ் போட்டால் வெள்ளை பூக்கும். ஒரு வெள்ளிக்கிழமை போகிறது. இன்னொன்றும் போகிறது. பிறகு வெயில். துணியில் பொதிந்த பஞ்சு வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. மரத்தில் ரேகைகள் எழுந்து வருகின்றன. அப்பா முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார்.

குட்டியானை வண்டியில் மேசை போகிறது. அடியில் வைக்கோல், மேலே பழைய போர்வை. நான்கு பேர் இறக்குகிறார்கள். ஆசாரி ரசமட்டம் வைக்கிறார். குமிழி நடுவில் நிற்கிறது. மகள் உட்காருகிறாள். முழங்கை மேசையில் படிகிறது.

“சூடான டம்ளரை அப்படியே வைக்காதீங்கம்மா.”

அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பிறகு கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். தாத்தா மேசையைக் காட்டுகிறார். டிவிக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும், ப்ளைவுட்டே போதும்.

ஆசாரி பித்தளைப் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். இழுப்பறையை இழுக்கிறார். சத்தமில்லாமல் வருகிறது. பிறகு டேப்பை எடுத்து டிவியை அளக்கிறார்.

ப்ளைவுட் ஸ்டாண்டு ஒரு நாள் வேலை. அதற்கும் வெள்ளிக்கிழமைதான் சொல்லியிருக்கிறார்.